நியூ ஹொரைசன்ஸ்: தென்னை மரத்து வண்டுகளையும் இரவுத் தேளையும் பிடிப்பது எப்படி?

மாலைத்தும்பி (கேள்வி):

வணக்கம். அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ் வீடியோ விளையாட்டில் என் தீவு வட அரைக்கோளத்தில் அமைந்தது. ஜூலை பிறந்துவிட்டதால் தீவெங்கும் பூச்சிகள் நிறைந்திருக்கின்றன. அருங்காட்சியகத்துக்குத் தர வேண்டிய 80 வகைகளில் பகலில் கிடைக்கும் வண்ணத்துப்பூச்சிகளும் சில்வண்டுகளும் பெரும்பாலும் சேர்ந்துவிட்டன. மீதமிருப்பவற்றில் அநேகம் மாலை 5 மணிக்குப் பிறகு வருபவை. அவற்றில் இரண்டு வகையும், பகலில் வரும் ஒரு தும்பியும்தான் எனக்குத் தொல்லை.

முதலாவது, தென்னை மரத்தில் அமரும் பெரிய வண்டுகள். கடற்கரையில் நடக்கும்போது தொலைவிலிருந்தே அவற்றின் கொம்பு கண்ணில் படுகிறது. ஓடாமல் நடந்துதான் போகிறேன். இருந்தும் வலை எட்டும் தூரத்துக்குச் சற்று முன்பாகவே அவை பறந்துவிடுகின்றன. ஹார்ன்டு ஹெர்குலஸ், கோல்டன் ஸ்டேக், ஜிராஃப் ஸ்டேக் ஆகிய மூன்றும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களோடு போய்விடும் என்பதால், இந்த ஆண்டு தவறவிட்டால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, தேள். அது என்னைப் பார்த்துவிட்டால் என்ன செய்வதென்றே தெரியவில்லை. பின்வாங்கினாலும் துரத்துகிறது, முன்னேறினாலும் துரத்துகிறது. கடைசியில் கொட்டு வாங்கி மயங்கி விழுந்து, வீட்டு வாசலில் கண் விழிக்கிறேன்.

மூன்றாவது, ஆற்றோரமும் புல்வெளியிலும் பறக்கும் பேண்டட் டிராகன்ஃபிளை. இந்தத் தும்பியைப் பின்தொடர்ந்து ஓடினால் ஒருநாளும் எட்ட முடிவதில்லை.

கன்சோலின் கடிகாரத்தை முன்பின் நகர்த்திப் பிடிக்கும் வழியை எனக்குச் சொல்ல வேண்டாம். அப்படி விளையாடுபவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு இந்த விளையாட்டு பிடித்ததே அதன் பருவமும் பொழுதும் வெளியிலுள்ள பருவத்தோடும் பொழுதோடும் சேர்ந்து நகர்வதால்தான். நெருங்கும் முறையையும், இந்தப் பூச்சிகள் அடிக்கடி வருவதற்குத் தீவில் ஏதேனும் செய்ய முடியுமா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வலைக்கை (மறுமொழி):

நீங்கள் நடந்து போவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த விளையாட்டில் நடைக்கும் பதுங்கிச் செல்வதற்கும் வேறுபாடு உண்டு. கட்டுப்படுத்தியில் உள்ள குச்சியை லேசாகத் தள்ளி மெல்ல நடப்பது பதுங்குவது ஆகாது. வலை கையில் இருக்கும்போது ஏ பொத்தானை அழுத்தி, விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பாத்திரம் வலையை ஓங்கிய நிலையில் அடிமேல் அடி வைத்து நகரும். பொத்தானை விட்ட கணத்தில் வலை வீசப்படும். தென்னை மரத்து வண்டுகளைப் பொறுத்தவரை இந்த நடையைத் தவிர வேறு எந்த நடையும் உதவாது.

எங்கிருந்து பொத்தானை அழுத்தத் தொடங்குவது என்பதும் முக்கியம். வண்டு திரையில் தெரிந்தவுடனேயே நின்றுவிட்டு, மரத்திலிருந்து நல்ல இடைவெளியில் இருக்கும்போதே அழுத்திவிடுங்கள். மரத்தடிக்கு வந்த பிறகு முதன்முறையாக அழுத்தினால், வலை கையில் இருந்தாலும் மரத்தை உலுக்கும் செயலாக அது மாறிவிடக்கூடும். மரம் குலுங்கினால் அதில் எந்தப் பூச்சியும் தங்காது.

இனி நெருங்கும் விதம். இரண்டு மூன்று அடி பதுங்கிச் சென்றதும் நின்று வண்டைக் கவனியுங்கள். அமைதியாக இருக்கும் வண்டின் அசைவு ஒரு விதமாக இருக்கும். உங்களை உணர்ந்துவிட்ட வண்டின் அசைவு சட்டென்று மாறும். மாறியது தெரிந்தவுடன் பொத்தானை விடாமல் அப்படியே உறைந்து நில்லுங்கள். அது பழைய நிலைக்குத் திரும்பிய பிறகுதான் அடுத்த அடி. பலர் இந்த இடத்தில் அவசரப்பட்டு, இதற்கு மேல் காத்திருந்தால் பறந்துவிடும் என்று வலையை வீசிவிடுகிறார்கள். உண்மையில் நின்றவரைப் பார்த்து அது பறப்பதில்லை, நகர்ந்தவரைப் பார்த்துத்தான் பறக்கிறது. சில்வண்டுகளுக்கும் இதே விதிதான். அவற்றிடம் கூடுதல் வசதி என்னவென்றால் சத்தத்தைக் கேட்டே நிலைமையை அறியலாம்: கத்திக்கொண்டிருந்த சில்வண்டு வாயடைத்துப் போனால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

மரத்தின் முன்பக்கமாக, அதாவது திரையில் மரத்துக்குக் கீழே இருந்து மேல்நோக்கி நேராகச் செல்வதே நல்லது. பக்கவாட்டில் கோணலாக வீசினால் வலையின் வளையம் தண்டின் மீது சரியாக விழாமல் போகும். வலையின் கைப்பிடி நீளமானது என்பதால் மரத்தோடு ஒட்டி நிற்கத் தேவையில்லை.

அடுத்து தேள். நீங்கள் வலையோடு அருகில் சென்றால் அது உங்கள் பக்கம் திரும்பி, கொடுக்குகளையும் வாலையும் உயர்த்தும். இது எச்சரிக்கை மட்டுமே. இன்னும் துரத்தத் தொடங்கவில்லை. இங்கேயும் ஏ பொத்தானைப் பிடித்தபடியே அசையாமல் நில்லுங்கள். வால் தாழ்ந்து அது மீண்டும் இயல்பாக நகரத் தொடங்கும்போது ஓரடி செல்லுங்கள். மறுபடி உயர்த்தினால் மறுபடி நில்லுங்கள். வலை எட்டும் தூரம் வந்ததும், வால் தாழ்ந்திருக்கும் வேளையில் பொத்தானை விட்டால் தேள் உங்களுடையது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை தேளுக்குப் பதிலாக வரும் டரான்டுலா சிலந்திக்கும் சற்றும் மாறாமல் இதுவே வழி. இரண்டுக்கும் நேரம் இரவு 7 முதல் அதிகாலை 4 வரை. விலை, விளையாட்டின் நாணயமான பெல்லில், 8,000.

ஒருவேளை துரத்தத் தொடங்கிவிட்டால், பின்னோக்கி மெல்ல நகர்வதால் பயனில்லை. ஒன்று, ஆற்றங்கரைக்கு ஓடிச் சென்று தாண்டுகோலால் மறுகரைக்குப் போய்விடுங்கள். அல்லது ஏதேனும் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுங்கள். துணிவு இருந்தால் சிறிது தூரம் ஓடி இடைவெளி ஏற்படுத்திக்கொண்டு, திரும்பி நின்று, நேரே வரும் தேள் மீது வலையை வீசலாம். இதைக் கைப்பழக்கத்தில் கொண்டுவந்துவிட்டால் தேள் என்றாலே ஓட வேண்டியதில்லை. தவறினாலும் இழப்பு ஒன்றும் இல்லை. மயங்கி விழுந்தால் பையில் உள்ள பொருளோ பணமோ குறைவதில்லை. அந்தத் தேள் மட்டும்தான் கைவிட்டுப் போகும்.

தும்பிக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை, பொறுமை மட்டும் போதும். பேண்டட் டிராகன்ஃபிளை மே முதல் அக்டோபர் வரை, காலை 8 முதல் மாலை 5 வரை இருக்கும். அது சிறிது நேரம் ஓரிடத்தில் மிதந்து நிற்கும், பிறகு பாய்ந்து செல்லும், மறுபடி நிற்கும். பாயும்போது துரத்தாதீர்கள். அது சுற்றும் இடத்தின் நடுவே வலையை ஓங்கியபடி நின்றால், தானாகவே உங்கள் எல்லைக்குள் வந்து மிதக்கும் தருணம் கிடைக்கும். 4,500 பெல் விலையுள்ள தும்பி அது. அந்தக் காத்திருப்பு வீண் போகாது.

கரையோரம் (மறுமொழி):

நெருங்கும் முறையை வலைக்கை முழுமையாக விளக்கிவிட்டார். பூச்சிகள் அடிக்கடி வரச் செய்வது பற்றி நான் எழுதுகிறேன்.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு பூச்சிக்கும் தோன்றும் இடம் ஒன்று விதிக்கப்பட்டிருக்கிறது. சில வகைகள் பூக்களை நாடுகின்றன. சில சாதாரண மரங்களின் தண்டில், சில தென்னையின் தண்டில் மட்டும், சில வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில், சில நன்னீர்ப் பரப்பில், சில வெறும் தரையில், சில கடலோரப் பாறையில். அதே சமயம் உங்களைச் சுற்றி ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய பூச்சிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஆகவே தேவையற்ற பூச்சிகள் அந்த வரம்பை நிரப்பிக்கொண்டிருக்கும்வரை நீங்கள் தேடும் பூச்சிக்கு இடம் கிடைக்காது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி வழிகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

தென்னை வண்டுகளுக்கு முதல் தேவை தென்னை. அது கடற்கரை மணலில் மட்டுமே வளரும். கரையோரத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தென்னை இருந்தால், ஒரு முழுச் சுற்றில் நீங்கள் பார்க்கும் தண்டுகள் மிகக் குறைவு. தேங்காய்களைப் புதைத்து, கரை நெடுகிலும் போதிய இடைவெளியில் மரங்களை வளர்த்துவிடுங்கள். மரங்கள் வளர்ந்த பிறகு மாலையில் கரையை ஒட்டி ஒரு திசையாக நடந்து செல்லுங்கள். வேண்டாத பூச்சி அமர்ந்திருந்தால் அதை விரட்டிவிடுங்கள் அல்லது பிடித்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நீல நிற வீவில் வண்டு ஒன்று இதே தென்னைகளில் நாள் முழுவதும் இருக்கும். அதன் விலை 800 பெல்தான். அதை விட்டுவைத்தால் அந்த மரம் அவ்வளவு நேரமும் அதற்கே உரியதாகிவிடும். போதிய தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தால் அதே மரத்தில் வேறொன்று அமர்ந்திருக்கக் காணலாம்.

கரையில் நடக்கும்போது ஓட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மரங்கள் திரையில் வராத இடங்களில் ஓடலாம். ஆனால் அடுத்த தென்னையின் தண்டு திரையின் ஓரத்தில் தோன்றும் முன்பே நடைக்கு மாறிவிட வேண்டும். பல நல்ல வண்டுகள் நாம் பார்ப்பதற்கு முன்பே நம் காலடியால் பறந்துபோனவை.

இன்னும் விரைவாக வேண்டுமென்றால் நூக் மைல்ஸ் டிக்கெட் வாங்கி வேறு தீவுக்குச் செல்லும் வழி இருக்கிறது. ஒரு டிக்கெட் 2,000 மைல், அதாவது விளையாட்டில் பணிகளை முடித்துச் சேர்க்கும் புள்ளிகள். மாலை 7 மணிக்குப் பிறகு தேளைத் தேடிப் போவதானால், அந்தத் தீவில் இறங்கியதும் எல்லா மரங்களையும் வெட்டி, அடிக்கட்டைகளையும் மண்வெட்டியால் தோண்டி எடுத்து, பூக்களைப் பறித்துவிட வேண்டும். பறக்கும் பூச்சிகளை விரட்டிக்கொண்டே சுற்றி வந்தால், போகப் போக வெறும் தரையில் தோன்றக்கூடியவையே மிஞ்சும். அந்த நேரத்தில் அந்த இடத்துக்கு உரியது தேள். ஆறும் குளமும் உள்ள தீவாக இருந்தால் நீர்ப்பூச்சிகளையும் அவ்வப்போது விரட்ட வேண்டியிருக்கும். தென்னை வண்டுக்காகப் போவதானால் தீவின் உட்பகுதி மரங்களை மட்டும் அகற்றிவிட்டுத் தென்னைகளைத் தொடாமல் விடுங்கள். கோடரி, மண்வெட்டி ஆகியவற்றோடு வலைகளை ஒன்றுக்கு மேற்பட்டு எடுத்துச் செல்வது அவசியம். சுள்ளிகளால் செய்த மெலிந்த வலை 10 பூச்சிகளோடு உடைந்துவிடும். இரும்புக்கட்டி ஒன்று சேர்த்துச் செய்த வலை 30 வரை தாங்கும். பாதி வேட்டையில் வலை உடைந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைவிட வேதனை வேறில்லை.

பையையும் காலியாக்கிக்கொண்டு கிளம்புங்கள். 40 இடங்கள் உள்ள பையாக இருந்தாலும், வெட்டிய மரக்கட்டைகள் நிறைந்துவிட்டால் தேளுக்கு இடம் இருக்காது. கட்டைகளை அங்கேயே கரையில் இறக்கிவைத்துவிடலாம்.

மாலைத்தும்பி (கேள்வி கேட்டவர்):

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சென்றதில் நேற்று மாலையே ஹார்ன்டு அட்லஸ் என்ற தென்னை வண்டு கிடைத்துவிட்டது. வண்டின் அசைவு மாறும் கணத்தை இப்போது கண்ணால் பிரித்தறிய முடிகிறது. அதை அருங்காட்சியகப் பொறுப்பாளர் பிளேதர்ஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, பூச்சி என்றாலே நடுங்கும் அந்த ஆந்தை அருவருப்போடு வாங்கிக்கொண்டு, அதன் வாழ்க்கையைப் பற்றி இத்தனை விவரமாகப் பேசியதைக் கேட்க மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

இரண்டு ஐயங்கள் எழுகின்றன. என் சொந்தத் தீவிலும் கரையோரம் சொன்னதுபோல் மரங்களையும் பூக்களையும் அகற்றிவிடுவது நல்லதா? மேலும், இரவில் பிடிப்பவற்றை எங்கே விற்பது? நான் திரும்பி வரும் வேளையில் கடை மூடியிருக்கிறது. மாத இறுதியில் வரும் பூச்சி பிடிக்கும் போட்டிக்கும் இந்த வண்டுகள் உதவுமா என்பதையும் தெரிவித்தால் நல்லது.

பூங்கொத்து (மறுமொழி):

சொந்தத் தீவில் அதைச் செய்யாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். கரையோரம் சொன்ன வழி, ஒருமுறை சென்று திரும்பினால் மறுபடி காண முடியாத தீவுகளுக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் உங்களுக்கு இன்னும் சேராத வகைகள் இருக்கின்றன என்கிறீர்கள். வெள்ளைப் பூக்கள் இல்லையென்றால் ஆர்க்கிட் கும்பிடுபூச்சி வராது. மரத்தை வெட்டி அடிக்கட்டையை அப்படியே விட்டுவைக்காவிட்டால் ரோசாலியா வண்டும் பொன்வண்டும் அமர இடமில்லை. குளம் இல்லாவிட்டால் நீர்ப்பூச்சிகள் இல்லை. பணத்துக்காக ஒரே பூச்சியை மீண்டும் மீண்டும் பிடிப்பவருக்கு வெற்றுத் தீவு லாபம். 80 வகைகளையும் பார்க்க விரும்புபவருக்குப் பல்வகை இடங்கள் உள்ள தீவுதான் லாபம். நீங்கள் இரண்டாவது வகை என்று உங்கள் முதல் கடிதமே சொல்கிறது. தோட்டத்தின் ஒரு மூலையில் நான்கைந்து அடிக்கட்டைகளும், அருகில் ஒரு சிறு குளமும், சுற்றிலும் கலவையான பூக்களும் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிட நடையில் எத்தனை விதமான உயிர்கள் அங்கே வந்து சேர்கின்றன என்பதைக் கண்டால், அகற்ற மனம் வராது.

விற்பனை பற்றி: டிம்மியும் டாமியும் நடத்தும் கடை காலை 8 முதல் இரவு 10 வரைதான் திறந்திருக்கும். மூடிய பிறகு வாசலில் உள்ள பெட்டியில் போட்டால் விலையில் 80 விழுக்காடு மட்டுமே மறுநாள் கிடைக்கும். 12,000 பெல் மதிப்புள்ள ஹெர்குலஸை அந்தப் பெட்டியில் போட்டால் 2,400 பெல் வீணாகிறது. அவசரப்பட வேண்டாம். பிடித்த பூச்சிகளை வீட்டைச் சுற்றித் தரையில் இறக்கி வைத்தால், அவை கூண்டுக்குள் இருக்கும் அலங்காரப் பொருள்களாக மாறிவிடும். எத்தனை நாள் ஆனாலும் அழியாது. ஃபிளிக் என்ற சிவப்புப் பச்சோந்தி உங்கள் தீவுக்கு வரும் நாளில் அவரிடம் கொடுத்தால் கடை விலையைப் போல ஒன்றரை மடங்கு தருவார். அதே ஹெர்குலஸுக்கு 18,000 பெல். ஒரே வகையில் மூன்று கொடுத்தால் பணத்துக்குப் பதிலாக அந்தப் பூச்சியின் சிற்பத்தைச் செய்து அஞ்சலில் அனுப்புவார். ஜூலை, ஆகஸ்ட் வண்டுகளில் சிலவற்றை விற்காமல் இதற்கென ஒதுக்கி வையுங்கள். கொம்பின் வளைவு வரை நுணுக்கமாகச் செய்யப்பட்ட அந்தச் சிற்பங்களை நான் மாடியறை முழுவதும் அடுக்கியிருக்கிறேன். இந்த விளையாட்டில் நான் மிகவும் போற்றும் பொருள்கள் அவை.

போட்டியைப் பொறுத்தவரை தென்னை வண்டுகளால் பயன் இல்லை. வட அரைக்கோளத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு மாதமும் நான்காவது சனிக்கிழமை, காலை 9 முதல் மாலை 6 வரை போட்டி நடக்கும். அந்த வண்டுகள் வருவதே 5 மணிக்குத்தான். அதுவும் தவிர, போட்டியில் விலையைப் பார்ப்பதில்லை. பூச்சி எதுவானாலும் ஒரு புள்ளி. ஒரு சுற்றில் மூன்றோ அதற்கு மேலோ பிடித்தால் கூடுதலாக இரண்டு புள்ளிகள். சுற்று ஒன்றுக்கு 3 நிமிடங்கள். முதல் சுற்று இலவசம், பின்னர் ஒவ்வொன்றுக்கும் 500 பெல். ஆகவே அந்த 3 நிமிடங்களில் அரிய பூச்சியைத் தேடி அலையாமல், பூக்கள் நிறைந்த இடத்தில் கைக்கு எளிதில் வரும் வண்ணத்துப்பூச்சிகளையும் வெட்டுக்கிளிகளையும் பிடித்துத் தள்ளுவதே சரி. நான் ஏன் பூக்களை அகற்ற வேண்டாம் என்றேன் என்பது அன்று இன்னும் நன்றாக விளங்கும். மொத்தம் 100 புள்ளிகள் சேர்ந்தால் வெண்கலம், 200-க்கு வெள்ளி, 300-க்குத் தங்கக் கோப்பை. ஒரே நாளில் சேர்க்க வேண்டியதில்லை. மாதங்களின் புள்ளிகள் கூடிக்கொண்டே வரும்.

ஆகஸ்டுக்குள் ஏதேனும் ஒன்று கிடைக்காமல் போனாலும் கடிகாரத்தைத் தொடாமலே ஒரு வழி இருக்கிறது. தென் அரைக்கோளத் தீவு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருந்தால், அங்கே இதே வண்டுகள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வரும். அவர் தீவுக்குச் சென்று நீங்களே பிடித்தால் பிடித்த உயிர்களின் பட்டியலான உங்கள் கிரிட்டர்பீடியாவில் பதிவாகும்; அதை எடுத்து வந்து பிளேதர்ஸிடமும் கொடுக்கலாம்.

விடிவெள்ளி (மறுமொழி):

மேலே யாரும் குறிப்பிடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். தென்னை வண்டுகள் மாலை 5 முதல் காலை 8 வரை இருக்கின்றன; தேள் இரவு 7 முதல் அதிகாலை 4 வரை மட்டும்தான். எனவே மாலை 5 முதல் 7 வரையிலும், அதிகாலை 4 முதல் 8 வரையிலும் தேளின் தொல்லையே இல்லாமல் வண்டுகளை மட்டும் கவனித்துப் பிடிக்க முடியும். தேளைப் பிடிக்கும் எண்ணம் இல்லாத நாள்களில் இந்த இரண்டு வேளைகளையே நான் தேர்ந்தெடுக்கிறேன். வண்டின் மீது கண் வைத்துப் பதுங்கும்போது முதுகுக்குப் பின்னால் எது வருகிறதோ என்ற பதற்றம் இல்லாததால் கை நிதானமாக இருக்கிறது.

கரையோரமே கதி என்று இருந்துவிடவும் கூடாது. 10,000 பெல் விலையுள்ள ஸ்காரப் வண்டும் ஜயன்ட் ஸ்டேக் வண்டும் இரவு 11 மணிக்குப் பிறகே வருகின்றன. அவற்றை எதிர்பார்த்துத் தென்னைகளை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். தீவின் உட்பகுதி மரங்களின் தண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவர வேண்டும். பழத்தோட்டம் வைத்திருப்பவர்கள் மரங்களை நெருக்கமாக நட்டிருந்தால், பின்வரிசைத் தண்டுகள் முன்வரிசை இலைகளுக்குப் பின்னால் மறைந்துவிடும். அமர்ந்திருக்கும் வண்டு கண்ணுக்கே தெரியாது. வரிசைகளுக்கு நடுவே இரண்டு மூன்று கட்ட இடைவெளி இருப்பது நல்லது.

இந்த மாதத்தில் எளிதில் கவனத்திலிருந்து தப்பும் இன்னொன்று இலைப்பூச்சி. மரத்தை உலுக்கும்போது அறைகலன்கள் இலை வடிவில் விழும் அல்லவா, அந்த இலையைப் போலவே அது மரத்தடியில் கிடக்கும். நீங்கள் உலுக்காத மரத்தின் கீழே இலை கிடந்தால் எடுக்கப் போகாமல் வலையோடு பதுங்கிச் செல்லுங்கள். சிறு சத்தத்தோடு உங்கள் அண்டை வீட்டாரின் தலையைச் சுற்றி ஏதோ துள்ளுவது தெரிந்தால் அது தெள்ளுப்பூச்சி. தயங்காமல் அவர் தலையிலேயே வலையை வீசலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பிள்ளைப்பூச்சியை இப்போது தேட வேண்டாம். நவம்பர் முதல் மே வரைதான் மண்ணுக்கடியில் அதன் குரல் கேட்கும்.

அதிகாலைச் சுற்றுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஈவ்னிங் சிக்காடா என்ற சில்வண்டு அதிகாலை 4 முதல் 8 வரையிலும், மாலை 4 முதல் 7 வரையிலும் மட்டும் கத்தும். குச்சிப்பூச்சியும் காலையில் அதே 4 முதல் 8 வரை மரத்தில் ஒட்டியிருக்கும். ஸ்காரப் வண்டும் ஜயன்ட் ஸ்டேக்கும் 8 மணி வரை போவதில்லை. ஆகவே இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை. 6 மணிக்கு எழுந்து முதலில் கரையை ஒரு சுற்றும், பிறகு உட்பகுதி மரங்களை ஒரு சுற்றும் பார்த்து முடித்தால், 8 மணிக்குக் கடை திறக்கும்போது வேண்டாதவற்றை முழு விலைக்கே விற்றுவிடலாம்.